ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்: தேய்மானமா, அச்சுக் குறையா, கழுவிய காசா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். பிரிட்டிஷ் இந்தியக் காசுகளில் ஐந்தாம் ஜார்ஜ் ஒரு ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு 1911 முதல் 1922 வரை வரிசையாகச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். காசு கிடைப்பதில் பிரச்சினை இல்லை, கண்டிஷன்தான் பிடிபடவில்லை. என் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கிற இரண்டு காசில் ஒன்றுக்கு வி.எஃப். (வெரி ஃபைன், ஓரளவு தேய்ந்தது) என்கிறார்கள், மற்றதற்கு ஏ.யு. (அபவுட் அன்சர்க்குலேட்டட், ஏறக்குறையப் புழங்காதது) என்று எழுதி இரண்டு மூன்று மடங்கு விலை கேட்கிறார்கள். விற்பவர் சொல்வதை நம்பாமல் நானே பார்த்துச் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இப்போது கையில் இருக்கும் மூன்று:

அ) 1918. ராஜாவின் அங்கியில் பூவேலை ஓரிடத்தில் மங்கல், மார்புச் சங்கிலியில் தொங்கும் யானையும் தெளிவில்லை. ஆனால் எழுத்துகளைச் சுற்றி நல்ல மினுமினுப்பு. எடை 11.65 கிராம்.

ஆ) 1913. சாம்பல் நிறம். எல்லாம் ஓரளவு தெரிகிறது, எதுவும் கூர்மையாக இல்லை. 11.52 கிராம்.

இ) 1919. பளிச்சென்று வெள்ளை. யு.என்.சி. (அன்சர்க்குலேட்டட், புழங்காத காசு) என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். 11.60 கிராம்.

கேள்விகள்: எந்த வெளிச்சம், எந்த லென்ஸ், எந்த வரிசையில் பார்ப்பது? அச்சு சரியாக விழாததையும் தேய்ந்ததையும் எப்படிப் பிரிப்பது? "இ" கழுவிய காசா?

---

தங்கசாலை:

முதலில் வெளிச்சம். கிரேடு (காசின் தரநிலை) பார்க்கத் தெரியவில்லை என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு விளக்குதான் தவறு. டியூப்லைட்டுக்குக் கீழே வைத்து எந்த வெள்ளிக் காசையும் பார்க்க வேண்டாம். ஒளி எல்லாப் பக்கமிருந்தும் பரவி விழும், கீறலும் தெரியாது, லஸ்டரும் (அச்சடித்தபோது வந்த மினுமினுப்பு) தெரியாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கு ஒன்று மட்டும் வையுங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பு கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் மஞ்சள் ஒளி தரும், மேலே வெள்ளை மூடி இல்லாத எல்.இ.டி. பல்பு. காசுக்கும் விளக்குக்கும் ஒரு அடி இடைவெளி போதும்.

லென்ஸ் 5 அல்லது 7 மடங்கு. 10 மடங்கைப் போலி சோதிக்கவும் நாணயச்சாலைக் குறி பார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் கிரேடு பார்த்தால் எல்லாக் காசும் குப்பையாகத் தெரியும். கிரேடை முதலில் வெறுங்கண்ணால் தீர்மானித்துவிட்டு, சந்தேகப்பட்ட இடத்தை மட்டும் லென்ஸில் பாருங்கள்.

காசை விளிம்பில் பிடியுங்கள், கீழே மடித்த துணி இருக்கட்டும். பேசிக்கொண்டே பார்க்க வேண்டாம். எச்சில் துளி விழுந்த இடம் சில மாதங்களில் கறையாக எழும்பும்.

இனி வரிசை. காசைக் கையில் எடுத்ததும் படத்தைப் பார்க்காமல் ஒளியைப் பாருங்கள். காசை விளக்குக்குக் கீழே மெதுவாகச் சாய்த்துச் சுற்றுங்கள். அச்சடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடும், அந்த ஓட்டம் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளை விட்டுவைக்கும். அதில் ஒளி பட்டுத் திரும்புவதுதான் லஸ்டர். காசைச் சுற்றினால் அந்த ஒளிக்கீற்று வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போலச் சேர்ந்து சுழலும். அது தடையில்லாமல் முழு வட்டம் வந்தால் யு.என்.சி.க்கு வாய்ப்பு உண்டு. மேடுகளில் வெட்டுப்பட்டு, பள்ளத்தில் ஓடினால் ஏ.யு. எழுத்துகளின் இடுக்கில் மட்டும் மிச்சமிருந்தால் எக்ஸ்.எஃப். (எக்ஸ்ட்ரா ஃபைன், லேசாகத் தேய்ந்தது). எங்குமே இல்லையென்றால் வி.எஃப். அல்லது அதற்குக் கீழ். இந்த ஒரு சோதனையிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் மேடுகள். ஐந்தாம் ஜார்ஜ் தலைப்பக்கத்தில் நான் பார்க்கும் இடங்கள்: கிரீடத்தின் முத்துகளும் நடுச் சிலுவையும், புருவம், மீசை, காது மடல், தோளை ஒட்டிய அங்கியின் பூவேலை, மார்புச் சங்கிலியில் தொங்கும் யானை. பூப்பக்கத்தில், அதாவது மறுபக்கத்தில், சுற்றிவரும் பூக்களின் நடு இதழ்கள். பூப்பக்கத்தில் எழுத்து தட்டையாகவும் ஆழமில்லாமலும் இருப்பதால் தேய்மானம் தாமதமாகவே தெரியும். அதைப் பார்த்து ஏமாறாமல் தலைப்பக்கத்துக்கே அதிக மதிப்பெண் கொடுங்கள்.

தோராயமாக இப்படி:

எஃப். (ஃபைன், நன்றாகத் தேய்ந்தது) என்றால் அங்கியில் பாதிப் பூவேலை போயிருக்கும். யானை இருக்கும் இடம் தெரியும், அது யானை என்று தெரியாது. கிரீடத்தின் முத்துகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பட்டையாகியிருக்கும்.

வி.எஃப். என்றால் அங்கி மூன்றில் இரண்டு பங்கு தெளிவு. யானையின் உருவக்கோடு, தும்பிக்கை தெரியும். புருவமும் மீசையும் முடி முடியாகப் பிரியாமல் ஒரு மேடாக இருக்கும். சேகரிப்பவர் கையில் அதிகம் புழங்குவது இந்தக் கிரேடுதான்.

எக்ஸ்.எஃப். என்றால் எல்லா வேலைப்பாடும் இருக்கும். மேலே சொன்ன மேடுகளின் உச்சியில் மட்டும் சிறிய தட்டை.

ஏ.யு. என்றால் தட்டைகூட இல்லை, நிறம் மாறியிருக்கும். மீசை நுனியும் தோளும் மட்டும் மங்கலான சாம்பல், மற்ற இடமெல்லாம் லஸ்டர்.

யு.என்.சி. என்றால் எங்கும் உரசல் இல்லை. ஆனால் இது குறையே இல்லாத காசு என்று பொருளல்ல. நாணயச்சாலையிலேயே காசுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, மூட்டையில் குலுங்கி வாங்கிய வடு இருக்கலாம். கன்னத்திலும் முகத்துக்கு முன்னால் இருக்கும் வெற்றுப்பரப்பிலும் வடு இருந்தால் கிரேடு அதிகம் குறையும். அங்கியின் பூவேலைக்குள் இருந்தால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

எண்களைப் பற்றி: 1 முதல் 70 வரையிலான ஷெல்டன் அளவுகோல் 1949-ல் அமெரிக்கச் செம்பு சென்ட்டுகளுக்காக வந்தது. இன்று எல்லாக் காசுக்கும் அதையே பயன்படுத்துகிறார்கள். எஃப். 12, வி.எஃப். 20-லிருந்து 35 வரை, எக்ஸ்.எஃப். 40, 45, ஏ.யு. 50-லிருந்து 58, யு.என்.சி. 60-க்கு மேல். ஆரம்பத்தில் எண்ணை மறந்துவிடுங்கள். எழுத்து கையில் படிந்த பிறகு எண் வரும்.

உங்கள் "ஆ" நேர்மையான வி.எஃப். காசு போலத் தெரிகிறது. அதில் குழப்பிக்கொள்ள எதுவும் இல்லை.

---

அச்சுப்பிழை:

தங்கசாலை ஐயா சொன்னதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் "அ" காசின் சிக்கல் அதில்தான் இருக்கிறது.

யானை தெளிவில்லை என்றவுடன் தேய்மானம் என்று முடிவு கட்டக்கூடாது. வெற்றுத்தகடு இரண்டு அச்சுக்கும் நடுவில் நசுங்கும்போது உலோகம் இரண்டு பக்கப் பள்ளத்துக்குள்ளும் ஏற வேண்டும். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் ஆழமான வேலைப்பாடு இருந்தால் உலோகம் பற்றாது, ஒரு பக்கம் அரைகுறையாக நிற்கும். காசை இடவலமாகத் திருப்பி, அங்கி மங்கிய இடத்துக்கு நேர் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கும் பூ மங்கியிருந்தால் அச்சுக் குறை என்று சந்தேகிக்க முதல் காரணம் கிடைத்துவிட்டது.

உறுதிப்படுத்த மூன்று அடையாளம் உண்டு.

முதலாவது, மங்கிய இடத்தின் தோல். தேய்ந்த மேடு வழவழப்பாகவும் சாம்பலாகவும் இருக்கும், சாய்த்தால் ஒளி அங்கே செத்துவிடும். அச்சு ஏறாத இடத்தில் வெற்றுத்தகட்டின் பழைய சொரசொரப்பு, புள்ளி, பொடிக் கீறல் அப்படியே நசுங்காமல் மிச்சமிருக்கும். நிறமும் சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போகும்.

இரண்டாவது, மற்ற மேடுகள். காசு பையிலும் பெட்டியிலும் புரண்டிருந்தால் யானை மட்டும் தேயாது. மீசை, புருவம், கிரீடம் எல்லாம் சேர்ந்து தேயும். யானை மழுங்கி மீசை கூர்மையாக இருந்தால் அந்த மங்கல் புழக்கத்தில் வந்ததல்ல.

மூன்றாவது, விளிம்பு. எழுத்துகளின் மேல்தட்டும் விளிம்பின் மேடும் தேய்ந்து வட்டமாகியிருந்தால் புழக்கம். கூர்மையாக, சதுரமாக நின்றால் இல்லை.

இன்னொரு குழப்பம் அச்சே தேய்ந்திருப்பது. பல கோடி காசு அடித்த ஆண்டுகளில் ஓர் அச்சைக் கடைசிவரை பிழிந்திருப்பார்கள். அப்படி வந்த காசில் எழுத்துகள் விளிம்பு நோக்கி இழுபட்டதுபோல் தடித்திருக்கும், வெற்றுப்பரப்பு பளபளக்காமல் மணல் தூவியது மாதிரி இருக்கும். ஆனால் லஸ்டர் சுழலும். இதையும் தேய்மானக் கணக்கில் போட்டுவிடுகிறார்கள்.

யானையைப் பற்றி ஒரு கொசுறு. 1911-ல் வந்த முதல் வடிவத்தில் தும்பிக்கை குட்டையாக இருந்ததால் அது பன்றி என்று பேச்சுக் கிளம்பி, புழக்கத்துக்குப் போனதுபோக மிச்சத்தைத் திரும்ப உருக்கினார்கள். 1912-லிருந்து தும்பிக்கையும் காதும் தெளிவாகத் தெரியும்படி மாற்றினார்கள். ஆகவே 1911 காசில் யானை சரியில்லை என்று கிரேடைக் குறைக்காதீர்கள், அது அச்சில் இருந்ததே அப்படித்தான். எந்த ஆண்டுக் காசையும் அதே ஆண்டின் நல்ல காசோடுதான் ஒப்பிட வேண்டும்.

---

சல்லிக்காசு:

"இ"க்கு வருகிறேன். நூறு ஆண்டு தாண்டிய 91.7 சதவீத வெள்ளி, நம் ஊர்க் காற்றில், கறுக்காமல் பழுக்காமல் பளிச்சென்று வெள்ளையாக இருப்பதே கேள்விக்குரியது. இருக்கவே முடியாது என்று சொல்லவில்லை. மூட்டையோடு பூட்டி வைத்த காசுகள் அப்படி வருவதுண்டு. ஆனால் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு காசுக்குத்தான்.

நம் வீடுகளில் வெள்ளியை என்ன செய்வார்கள்? குத்துவிளக்கும் குங்குமச்சிமிழும் தேய்க்கிற அதே விபூதி, புளி, பல்பொடி, பற்பசை. நகைக்கடையில் கொடுத்தால் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் பித்தளைக் கம்பி பிரஷும். லட்சுமி பூஜைக்கு வைத்த ரூபாய் ஆண்டுதோறும் ஒருமுறை இப்படிக் குளித்திருக்கும். ஒவ்வொன்றும் விடும் தடம் வேறு.

விபூதி, பல்பொடி, பற்பசை: மயிரிழைக் கீறல்கள். விளக்குக்குக் கீழே காசைச் சாய்க்கும்போது ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் வெற்றுப்பரப்பில் ஒரே திசையில் ஓடும் கோடுகள் பளிச்சிடும், அடுத்த நொடி மறைந்துவிடும். பரப்பில் ஓடும் கோடு எழுத்தின் மேலும் ஏறி மறுபுறம் தொடர்ந்தால் அது தேய்த்ததேதான். நாணயச்சாலையில் அச்சை மெருகூட்டியபோது விழுந்த கோடுகளும் உண்டு. ஆனால் அவை காசில் மேடாக எழும்பி நிற்கும், எழுத்துக்குள் புகுந்து மறையும். கீறல் பள்ளம், அச்சுக்கோடு மேடு. இதை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்.

புளி, எலுமிச்சை, கடையில் விற்கும் வெள்ளி கழுவும் திரவம்: கோடு விழாது, ஆனால் மேல்தோல் கரையும். லஸ்டரின் நுண்வரிகள் போய்விடும். காசு வெளுத்து, உயிரில்லாமல் இருக்கும். சுற்றினால் ஒளி சுழலாது, காசு முழுக்க ஒரே வெளிச்சம் நிற்கும். எழுத்துகளின் அடி இடுக்கில் மட்டும் பழைய கறுப்பு ஒட்டியிருந்தால் கழுவியது உறுதி.

கம்பி பிரஷ், பஃப் மெஷின்: இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் ஏமாற்றுவதற்கென்றே செய்வது. கண்ணைக் கூசும் பளபளப்பு வரும். லென்ஸில் பார்த்தால் எழுத்தின் ஓரங்களில் உலோகம் தள்ளப்பட்டுக் கரைபோல ஏறியிருக்கும். மேடும் பள்ளமும் ஒரே அளவு மின்னும். உண்மையான லஸ்டர் மேட்டிலும் பள்ளத்திலும் வேறு வேறு மாதிரி விழும்.

இன்னும் ஒன்றைப் பாருங்கள். காசுமாலையிலோ கைக்குழந்தையின் அரைஞாணிலோ இருந்த காசு என்றால் விளிம்பில் பற்றுவைத்த தடம் இருக்கும். வளையத்தை எடுத்த பிறகு அரம் போட்டு மெழுகியிருப்பார்கள். விளிம்பை முழுச் சுற்றும் பார்த்து, வரிகள் ஓரிடத்தில் ஆழம் குறைந்தோ மஞ்சள் பூத்தோ இருந்தால் அதுதான். ஓட்டை போட்டு அடைத்த காசும் வரும். விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் விளிம்பை லேசாகத் தட்டினால் முழுக்காசு நீண்டு ஒலிக்கும், அடைத்த காசு மொட்டையாக நிற்கும். உங்கள் நல்ல காசில் இதைச் செய்ய வேண்டாம், தட்டிய இடத்தில் வடு விழும்.

கழுவிய யு.என்.சி.யை என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். போன்ற, காசுக்குக் கிரேடு சொல்லும் நிறுவனங்களுக்கு அனுப்பினால் எண் கிடைக்காது. "யு.என்.சி. டீடெயில்ஸ், கிளீன்டு" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். விலை வி.எஃப். பக்கம் வந்து நிற்கும். என் கணக்கில் கழுவிய யு.என்.சி.யைவிட ஆயிரம் கைபட்ட நேர்மையான வி.எஃப். மேல்.

---

வைகைக்கரை:

மூன்று பேருக்கும் நன்றி. சொன்னபடி அறையை இருட்டாக்கி ஒரே பல்பில் பார்த்தேன்.

"அ": மீசையும் கிரீடமும் கூர்மை. யானைக்கு நேர் பின்னால் பூவும் மங்கல். ஒளி முழுச் சுற்று வருகிறது, ஆனால் தோளில் ஒரு சிறு இடத்தில் மட்டும் சாம்பல் பட்டை.

"இ": கண்ணுக்கு எதிரே உள்ள பரப்பில் ஒரு கோணத்தில் குறுக்குக் கோடுகள் எழும்பி மறைகின்றன. "R" எழுத்தின் மேலும் ஏறி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கோடு. ஆக அது போயிற்று.

இரண்டு சந்தேகம். எடை கிரேடுக்கு உதவுமா? படத்தைப் பார்த்து ஆன்லைனில் வாங்கும்போது இதையெல்லாம் எப்படிச் செய்வது?

---

அச்சுப்பிழை:

"அ": தோளில் சாம்பல் இருப்பதால் ஏ.யு. 58 வரை சொல்லலாம். அச்சுக் குறையோடு யு.என்.சி. என்று விற்பவரும் உண்டு. அந்தச் சாம்பல் பட்டை கைபட்ட உரசலா, பெட்டியிலோ ஆல்பத்திலோ இருந்தபோது பிளாஸ்டிக் உரசியதா என்று பிரிக்க முடிந்தால் மேலே போகும். பிளாஸ்டிக் உரசல் மேட்டின் உச்சியில் மட்டும், ஒரே திசையில், மெல்லிய கோடுகளாக இருக்கும். கைபட்டது மேட்டின் சரிவிலும் இறங்கும்.

---

துட்டு:

எடை கிரேடு சொல்லாது, பொய் சொன்னால் பிடித்துக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

இந்த ரூபாயின் முறைப்படியான எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். அதில் சுத்த வெள்ளி சுமார் 10.69 கிராம். சட்டப்படி இரண்டு சதவீதம்வரை எடை குறைந்தால் செல்லும், அதற்கு மேல் குறைந்தால் செல்லாது என்பதுதான் அந்தக் கால விதி. இரண்டு சதவீதம் என்றால் 11.43. உங்கள் "ஆ" 11.52-ல் வி.எஃப். என்பது பொருத்தமாக இருக்கிறது. அதே 11.52 எடையோடு ஒருவர் யு.என்.சி. என்று கொடுத்தால் கேட்க வேண்டிய கேள்வி: தேயாத காசில் எங்கே போயிற்று அந்த வெள்ளி? ஒன்று அமிலத்தில் முக்கியிருக்கிறார்கள், இல்லை விளிம்பைத் தொட்டிருக்கிறார்கள், இல்லை காசே பொய். "இ" 11.60 இருப்பதால் எடையில் சந்தேகம் இல்லை, ஆனால் தேய்த்த காசு.

தராசு 0.01 கிராம் காட்ட வேண்டும். சமையலறைத் தராசு உதவாது.

சந்தேகம் தீராவிட்டால் அடர்த்தி பாருங்கள். தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல், முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். காசில் குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். நல்ல காசுக்குத் தராசு 1.13 கிராம் பக்கம் காட்டும். 11.66-ஐ அதால் வகுத்தால் 10.3. செம்பு, நிக்கல் கலவையில் செய்த போலி என்றால் 8.9 பக்கம் வரும். முடிந்ததும் காசைத் துடைக்காமல் மென்துணியில் ஒற்றி எடுங்கள். சரியான வெள்ளியிலேயே அடித்த போலியை இந்தச் சோதனை பிடிக்காது. அதற்கு எழுத்தின் ஓரம், விளிம்பு வரிகளின் சீர், பரப்பில் கொப்புளம் இவைதான் வழி. 1911-க்கும், ஆறாம் ஜார்ஜின் 1939-க்கும் தேடல் அதிகம் என்பதால் போலியும் அதிகம். அந்த இரண்டையும் புதிதாகக் கற்பவர் படம் பார்த்து வாங்கக்கூடாது என்பது என் கட்சி.

படத்தில் வாங்குவது பற்றி. நேர் மேலிருந்து ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கீறல் தெரியாது. ஸ்கேனரில் எடுத்ததில் லஸ்டர் செத்துவிடும், ஏ.யு.கூட வி.எஃப். போல இருக்கும். அதனால் விற்பவரிடம் 10 நொடி வீடியோ கேளுங்கள். ஒரே விளக்கு, காசை விளிம்பில் பிடித்து மெதுவாகச் சாய்க்க வேண்டும், இரண்டு பக்கமும். உறையிலிருந்து வெளியே எடுத்த காசு. கொடுக்க மறுத்தால் விலையை மூலப்பொருள் வெள்ளியின் கணக்கில் மட்டும் பேசுங்கள், ஏனென்றால் புழக்கமான ஆண்டுகளின் தேய்ந்த காசுக்கு எப்படியும் அதுதான் அடிமட்ட விலை.

ஸ்லாப் (கிரேடு நிறுவனம் மூடிக் கொடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி) போட்ட காசு என்றால் மேலே உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அங்கே படம் இருந்தால் வடுவுக்கு வடு ஒப்பிடுங்கள். உண்மையான எண்ணைப் போலிப் பெட்டியில் அச்சடிக்கிறார்கள்.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரே ஆண்டு, ஒரே நாணயச்சாலைக் காசு பத்து வாங்குங்கள், விலை குறைந்தவையாகவே. 1912-க்குப் பிந்தைய காசு என்றால் பூப்பக்கத்தில் கீழேயுள்ள தாமரைக்கு அடியில் சிறு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. பத்தையும் கிரேடு சொல்லாமல் மோசமானதிலிருந்து நல்லது வரை வரிசைப்படுத்துங்கள். ஒரு தாளில் எழுதி மூடிவையுங்கள். ஒரு வாரம் கழித்து, பழைய தாளைப் பார்க்காமல் மறுபடி. இரண்டு வரிசையும் எங்கே முரண்படுகிறதோ அங்கேதான் உங்கள் கண் தடுமாறுகிறது. பெரும்பாலும் எக்ஸ்.எஃப்.புக்கும் ஏ.யு.வுக்கும் நடுவில். அடுத்து, ஏலத் தளங்களில் கிரேடு போட்டு முடிந்துபோன காசுகளின் படங்களை எடுத்து, கிரேடை மறைத்துச் சொல்லிப் பாருங்கள். தலைப்பக்கத்துக்கு ஒன்று, பூப்பக்கத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகச் சொல்லிப் பழக வேண்டும். இரண்டும் வேறுபட்டால் குறைந்ததை நோக்கிச் சாயுங்கள்.

---

தங்கசாலை:

துட்டு சொன்ன பத்துக் காசுப் பயிற்சியை வெள்ளியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். செம்புக் கால் அணாவுக்குப் போனால் கணக்கு வேறு. அங்கே நிறமும் கிரேடின் பகுதி, அடித்த சிவப்பு எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள். ராஜராஜன் பெயர் பொறித்த சோழர் செம்புக்காசுக்குப் போனால் இந்த அளவுகோலையே மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். அவை கையால் அடித்தவை. தகட்டில் அச்சு நடுவில் விழுந்திருக்கிறதா, நிற்கும் உருவத்தின் தலை தகட்டுக்குள் இருக்கிறதா, நாகரி எழுத்து எத்தனை படிக்க முடிகிறது, பச்சையோ கறுப்போ படிந்த மேல்தோல் கெட்டியாக இருக்கிறதா என்பவைதான் அங்கே கேள்வி. அந்த மேல்தோலைச் சுரண்டினால் காசே முடிந்தது.

---

வைகைக்கரை:

கடைசியாக ஒன்று. "ஆ" காசு இருந்த பிளாஸ்டிக் உறை பிசுபிசுக்கிறது, காசின் விளிம்பில் லேசாகப் பச்சை. இதைத் தொடலாமா?

---

சல்லிக்காசு:

தொட வேண்டும், இன்றே. அது பி.வி.சி. உறை. அதிலிருந்து கசிவது காசில் உள்ள செம்போடு சேர்ந்து பச்சையாகிறது, விட்டால் தோலைத் தின்னும்.

சுத்தமான அசிட்டோன் வாங்குங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். மூடியுள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் காசு மூழ்கும் அளவு ஊற்றி 10 நிமிடம். பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம், சில வகை கரையும். எடுத்து, வேறு கிண்ணத்தில் புதிய அசிட்டோனில் ஒரு முக்கு. பச்சை விடாவிட்டால் மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றி, நனைத்து, தேய்க்காமல் உருட்டுங்கள். பிறகு தானாகக் காயவிட்டுவிடுங்கள். துணி வேண்டாம். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் அறையில் இருக்கக்கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். அசிட்டோன் வெள்ளியைத் தொடாது, கறுப்பையும் எடுக்காது, பிசுக்கை மட்டும் எடுக்கும். அதனால் இதைக் கழுவிய காசு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பச்சைக்குக் கீழே ஏற்கெனவே குழி விழுந்திருந்தால் அது திரும்ப வராது.

அடுத்து மைலார் (பி.வி.சி. இல்லாத பாலியெஸ்டர்) உறையோ கெட்டியான வட்ட டப்பியோ. இந்த ரூபாய் 30 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், 31 மில்லிமீட்டர் டப்பி பொருந்தும். அட்டை உறைக்கு ஸ்டேப்ளர் அடித்தால் முள்ளின் கால்களை இடுக்கியால் அழுத்தித் தட்டையாக்குங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக் காசில் கீறும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டவே கூடாது, கந்தகம் வெள்ளியைக் கோடு கோடாகக் கறுக்க வைக்கும்.